டெய்லர் நீராவி வண்டி

டெய்லர் நீராவி வண்டி என்பது கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்டான்ஸ்டெட் என்ற சிற்றூரில் 1867ஆம் ஆண்டில் உருவான, நீராவியால் இயங்கும் நான்கு சக்கர வண்டியாகும். இதை உருவாக்கியவர் ஹென்றி சேத் டெய்லர். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பதும் நகை வேலையும் அவருடைய தொழில். கனடாவில் கட்டப்பட்ட முதல் தானியங்கி வண்டியாக இது பொதுவாகக் கருதப்படுகிறது. சில ஆண்டுகளே ஓடிய இந்த வண்டி, ஒரு சரிவில் விபத்துக்குள்ளாகிக் கொட்டகையில் முடங்கியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீட்டெடுக்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டு, இன்று ஒட்டாவா நகரிலுள்ள கனடா அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

உள்ளூரில் பிறந்த பழைய வண்டி ஒன்று பிற்காலத்தில் தபால்தலையிலும், நாணயத்திலும், அருங்காட்சியக நினைவுப் பதக்கத்திலும் இடம்பெறுவது பல நாடுகளில் வழக்கம். அவ்வகை நினைவுப் பொருள்களைப் புரிந்துகொள்ள டெய்லர் வண்டியின் கதை நல்ல எடுத்துக்காட்டு. இக்கட்டுரை வண்டியின் அமைப்பு, அதன் தோல்விக்கான காரணம், அதற்குச் சூட்டப்படும் 'முதல்' என்ற பட்டத்தின் பொருள், நினைவுப் பதக்கங்களை வாசிக்கும் முறை ஆகியவற்றை விளக்குகிறது.

காலப் பின்னணி

நீராவியால் சாலையில் ஓடும் வண்டி டெய்லரின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்திய கனவு. பிரான்சு நாட்டுப் படைப் பொறியாளர் நிக்கோலா ஜோசப் கியூனோ, பீரங்கி இழுப்பதற்காக மூன்று சக்கர நீராவி வண்டி ஒன்றை 1769இல் ஓட்டிப் பார்த்தார். அதையடுத்து அவர் கட்டிய பெரிய வண்டி இன்றும் பாரிசிலுள்ள கலை, கைத்தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் ரிச்சர்டு டிரெவிதிக் 1801ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று கேம்போர்ன் என்ற ஊரில் தம் நீராவி வண்டியில் ஆட்களை ஏற்றி மேட்டின் மீது ஓட்டிக் காட்டினார்.

பின்னர் நீராவியின் வளர்ச்சி தண்டவாளத்தின் பக்கம் திரும்பியது. சாலைகள் கரடுமுரடானவை, கனமான கொதிகலனைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. இரும்புத் தண்டவாளத்தில் அதே பாரத்தைக் குறைந்த உராய்வில் இழுக்கலாம். சட்டமும் சாலை நீராவி வண்டிக்குத் துணை நிற்கவில்லை. பிரித்தானியாவில் 1865இல் வந்த சட்டம், சாலையில் செல்லும் இயந்திர வண்டியின் வேகத்தை நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என வரையறுத்தது. வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும் என்றும் விதித்தது.

அமெரிக்காவில் இத்தகைய தடை இல்லாததால், தனி மனிதர்கள் சிறிய நீராவி வண்டிகளைத் தம் பட்டறைகளில் கட்டத் தொடங்கினர். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சில்வெஸ்டர் ரோப்பர் 1860களில் இவ்வாறு வண்டிகள் கட்டியவர். டெய்லர் வாழ்ந்த ஸ்டான்ஸ்டெட், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில எல்லையை ஒட்டிய ஊர்.

உருவாக்கியவரின் தொழில்

கடிகாரத் தொழிலாளி ஒருவர் வண்டி கட்டியது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் சிற்றூர்களில் நுட்பமான உலோக வேலை தெரிந்தவர் பெரும்பாலும் அவரே. பல்சக்கரங்களை அளந்து அறுப்பது, அச்சைத் தேய்த்துப் பொருத்துவது, சிறு கடைசல் பொறியில் வேலை செய்வது ஆகியவை அவருக்கு அன்றாடப் பழக்கம். நீராவி இயந்திரத்துக்கும் இதே திறன்கள் தேவை. உருளைக்கும் உந்துதண்டுக்கும் இடையே இடைவெளி கூடினால் ஆவி கசிந்துவிடும். குறைந்தால் உந்துதண்டு சிக்கிக்கொள்ளும்.

அதே வேளையில் கடிகாரத்துக்கும் வண்டிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கடிகாரத்தின் பகுதிகள் மிகச் சிறிய விசையில் ஓடுகின்றன. வண்டியோ தன் எடையையும் ஓட்டுநரின் எடையையும் சுமந்து மேடு பள்ளத்தில் செல்ல வேண்டும். சென்றால் மட்டும் போதாது, நிற்கவும் வேண்டும். இந்த இரண்டாவது தேவைதான் பிற்பாடு டெய்லரின் வண்டிக்கு முடிவு கட்டியது.

வண்டியின் அமைப்பு

அக்கால வட அமெரிக்காவில் ஒற்றைக் குதிரை பூட்டும் 'பகி' என்ற இலகுவான வண்டி பெருவழக்கில் இருந்தது. மெல்லிய ஆரக்கால்கள் கொண்ட உயரமான மரச் சக்கரங்கள், சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை, ஒற்றை இருக்கை என்பது அதன் தோற்றம். டெய்லர் அதையே அடித்தளமாகக் கொண்டார். வண்டியின் முக்கியப் பகுதிகள் பின்வருமாறு:

கொதிகலன்: இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்த நிலையில் பொருத்தப்பட்டது. நிலக்கரியால் எரியூட்டப்பட்டது.

நீர்த்தொட்டி: முன்சக்கரங்களுக்கு இடையில் அமைந்தது. இதன் கொள்ளளவு 6 கேலன், அதாவது ஏறத்தாழ 27 லிட்டர்.

இரப்பர்க் குழாய்கள்: முன்னால் உள்ள தொட்டியையும் பின்னால் உள்ள கொதிகலனையும் இணைத்தன.

இயந்திரம்: இரண்டு உருளைகள் கொண்டது, வண்டியின் அடித்தளத்தில் பொருத்தப்பட்டது.

இயக்கு நெம்புகோல்: முன்னோக்கியும் பின்னோக்கியும் செலுத்த உதவியது.

திருப்புத் தண்டு: இன்றைய வட்ட வடிவச் சக்கரம் அப்போது இல்லை. நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி ஒன்றால் முன்சக்கரங்கள் திருப்பப்பட்டன.

வண்டியின் எடை ஏறத்தாழ 500 பவுண்டு, அதாவது 227 கிலோகிராம். வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். இன்றைய இருசக்கர வண்டியின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது குறைவே. எனினும் குதிரை நடையே அளவுகோலாக இருந்த காலத்தில் இது கணிசமான வேகம்.

இயங்கும் முறை

நீர் கொதித்து ஆவியாகும்போது, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. மூடிய கலத்துக்குள் அவ்வாறு பெருக இடம் இல்லாததால் அழுத்தம் ஏறுகிறது. வீட்டுச் சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுவே. குக்கரில் வெயிட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும் ஆவி வீணாகிறது. நீராவி இயந்திரத்தில் அது ஓர் உந்துதண்டைத் தள்ளுகிறது.

தள்ளும் விசையை எளிய கணக்கால் அறியலாம். எடுத்துக்காட்டாக, உந்துதண்டின் முகம் 8 செ.மீ. விட்டம் உடையது என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 4 கிலோகிராம் எடைக்கு ஈடான அழுத்தம் இருப்பின், மொத்த விசை 200 கிலோகிராம் எடைக்கு ஈடாகும். உள்ளங்கை அளவுள்ள ஓர் உலோகத் தட்டின் மீது இரண்டு மூட்டை நெல்லின் பாரம் ஏறுவதைப் போன்றது இது.

வழுக்கு வால்வு என்னும் சிறு பகுதி, ஆவியை உருளையின் ஒரு முனையிலும் மறு முனையிலும் மாறி மாறி விடுகிறது. இதனால் உந்துதண்டு முன்னும் பின்னும் அசைகிறது. வளைதண்டு அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றுகிறது. இரண்டு உருளைகள் இருப்பதன் நன்மை, ஓர் உந்துதண்டு தன் பாதையின் கடைசியில் தயங்கி நிற்கும்போது மற்றது நடுப்பாதையில் இருந்து வண்டியைத் தள்ளும் என்பதாகும். ஆவி எந்தப் பக்கம் முதலில் நுழைய வேண்டும் என்பதை நெம்புகோலால் மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும்.

பெட்ரோல் இயந்திரத்தோடு ஒப்பிடும்போது நீராவி இயந்திரத்துக்குச் சில சிறப்புகள் உண்டு. நின்ற நிலையிலேயே முழு விசையையும் அது தரும். ஆதலால் கிளட்சும் பல்லிணைப் பெட்டியும் தேவையில்லை. ஓசையும் அதிர்வும் குறைவு. குறைகளும் உண்டு. புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே தீமூட்டிக் காத்திருக்க வேண்டும். வெளியேறும் ஆவி காற்றில் கலந்துவிடுவதால் நீரை அடிக்கடி நிரப்ப வேண்டும். பிற்காலத்தில் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஸ்டான்லி நீராவிக் கார்கள்கூட ஒரு கேலன் நீருக்கு ஏறத்தாழ ஒரு மைல் தூரமே ஓடின. 1915இல் ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் அமைப்பு சேர்க்கப்பட்ட பின்னரே அவற்றின் ஓட்டத் தூரம் கூடியது. 27 லிட்டர் தொட்டி கொண்ட டெய்லர் வண்டி நெடும் பயணத்துக்கானது அன்று என்பது இதிலிருந்து தெளிவாகும். ஊருக்குள் ஓட்டி மகிழும் வண்டி அது.

1867ஆம் ஆண்டுக் கண்காட்சி

டெய்லர் தம் வண்டியை ஊராருக்கு முதன்முதலில் காட்டியது 1867இல் நடந்த ஸ்டான்ஸ்டெட் விவசாயக் கண்காட்சியில் ஆகும். கால்நடைகள், விளைபொருள்கள், கைவினைகள் ஆகியவற்றோடு குதிரையில்லா வண்டியும் மக்கள் முன் வந்தது. அன்று குழாய் ஒன்று பழுதாகி ஆவி வெளியேறிவிட, வண்டி நடுவழியில் நின்றது. கூடியிருந்தவர்களின் வியப்பு கேலியாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

இந்தப் பழுதுக்கு அக்காலப் பொருள்களின் தரமே பெரும்பாலும் காரணம். இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல்தான் காப்புரிமை பெற்றார். டெய்லர் வண்டி கட்டியபோது அந்த முறைக்கு வயது கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. வெப்பம், அழுத்தம், ஓயாத அதிர்வு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாங்கும் இரப்பர்க் குழாய் அன்று எளிதில் கிடைத்திருக்காது.

டெய்லர் சோர்ந்துவிடவில்லை. வண்டியைத் திருத்தி அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். 1868இல் வண்டி மக்கள் முன் ஓடியது. அதன்பின் அவ்வப்போது ஊர்த் தெருக்களில் அவர் அதை ஓட்டினார்.

விபத்தும் அதன் காரணமும்

ஒருமுறை டெய்லர் சரிவான பாதையில் இறங்கும்போது வண்டி வேகம் பிடித்தது. அதை நிறுத்த அவரிடம் எந்த வழியும் இல்லை, ஏனெனில் வண்டியில் பிரேக் பொருத்தப்படவில்லை. வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து சக்கரங்கள் நொறுங்கின. அத்துடன் டெய்லர் வண்டியைக் கைவிட்டார். உடைந்த பகுதிகள் கொட்டகைக்குள் போயின.

இத்தனை நுட்பமாக வேலை செய்த ஒருவர் பிரேக்கை எப்படி மறந்தார் என்ற கேள்வி இயல்பாக எழும். இதற்கு விடை குதிரை வண்டியில் இருக்கிறது. சமவெளி ஊர்களில் ஓடிய இலகு வண்டிகள் பலவற்றில் தனியாகப் பிரேக் இருப்பதில்லை. சரிவில் இறங்கும்போது குதிரையே காலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து வண்டியைத் தாங்கும். அதற்கென்றே குதிரையின் பின்தொடையைச் சுற்றி ஒரு தோல்வார் கட்டப்பட்டிருக்கும். மாட்டு வண்டி இறக்கத்தில் இறங்கும்போது மாடுகள் நுகத்தடியைப் பின்னுக்குத் தள்ளி நிற்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதாவது வண்டியை இழுப்பதும் நிறுத்துவதும் ஒரே உயிரின் வேலை. டெய்லர் குதிரையின் இழுக்கும் வேலைக்கு மாற்றாக இயந்திரத்தைக் கொண்டுவந்தார். குதிரையோடு சேர்ந்து நிறுத்தும் வேலையும் போய்விட்டது என்பதைச் சரிவில்தான் அறிந்தார்.

ஆபத்தின் அளவையும் கணக்கிடலாம். உராய்வைக் கருதாமல் விட்டால், 5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே உருண்டு வரும் வண்டி, அடிவாரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தை எட்டும். உயரம் 10 மீட்டர் என்றால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. உராய்வு இதைச் சற்றுக் குறைக்கும். இருப்பினும் இரண்டு மாடி வீட்டின் உயரத்தை விடச் சற்றே கூடுதலான ஒரு சரிவு, இயந்திரம் தரக்கூடிய வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தைத் தந்துவிட முடியும். மெல்லிய மர ஆரக்கால்கள் கொண்ட சக்கரம் அந்த வேகத்தில் திருப்பத்தைத் தாங்குவது கடினம். கொதிகலனின் பாரம் இருக்கைக்குப் பின்னால் உயரமாக நின்றதும் வண்டி கவிழ்வதற்கு ஏதுவாக அமைந்திருக்கும்.

ஓடும் திசைக்கு எதிராக இயந்திரத்தில் ஆவியைச் செலுத்தி வேகத்தைக் குறைக்கும் முறை ஒன்றும் உண்டு. இரயில் ஓட்டுநர்கள் அவசர நேரத்தில் அதைக் கையாண்டனர். ஆனால் அதற்குப் பழக்கமும், பதறாத மனமும், உறுதியான பகுதிகளும் வேண்டும். உயரமான இலகு வண்டியில் தனியாளாகத் திசையையும் கவனித்துக்கொண்டு அதைச் செய்வது எளிதன்று.

மீட்பும் சீரமைப்பும்

கொட்டகையில் கிடந்த பகுதிகள் 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. பழைய வண்டிகளில் ஆர்வம் கொண்ட அமெரிக்கர் ஒருவர் அவற்றை வாங்கிப் பொறுமையுடன் சீரமைத்தார். கிடைக்காமல் போன பகுதிகள் புதிதாகச் செய்து சேர்க்கப்பட்டன. பின்னர் 1980களில் வண்டி கனடாவுக்குத் திரும்பி, ஒட்டாவா அருங்காட்சியகத்தின் உடைமையானது.

அந்த அருங்காட்சியகம் 1967 நவம்பரில், முன்பு ரொட்டித் தொழிலுக்குப் பயன்பட்ட ஒரு கட்டடத்தில் தொடங்கப்பட்டது. கனடாவின் நூற்றாண்டு விழா நடந்த ஆண்டு அது. கட்டடத்தில் பூஞ்சை பரவியதால் 2014இல் மூடப்பட்டு, முழுவதும் புதுப்பிக்கப்பட்டு 2017 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

சீரமைத்த பொருளைக் குறித்து அருங்காட்சியகத் துறையில் ஒரு நீண்ட விவாதம் உண்டு. உடைந்த நிலையிலேயே பொருளைக் காத்தால் வரலாற்றுச் சான்று கெடாமல் இருக்கும். ஆனால் பொதுமக்களுக்கு அது என்னவென்றே புரியாது. முழுமையாகச் சீரமைத்தால் புரியும், ஓடவும் கூடும். ஆனால் எது பழையது, எது புதியது என்ற எல்லை மங்கிவிடும். டெய்லர் வண்டி இரண்டாம் வழியில் வந்தது. ஆகவே இன்று காணும் வண்டியின் ஒவ்வொரு ஆணியும் 1867ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வடிவமைப்பு டெய்லருடையது, பொருளில் ஒரு பகுதி பிற்காலத்தவருடையது.

'முதல்' என்ற சொல்லின் பொருள்

'கனடாவின் முதல் கார்' என்று கூறும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது, 'கார்' என்பது எது? உள்ளெரி இயந்திரம் கொண்டதே கார் என்றால் 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்சின் வண்டிக்கே அப்பெயர் பொருந்தும். தன் ஆற்றலால் சாலையில் ஆளை ஏற்றிச் செல்லும் எதுவும் கார் என்றால் கியூனோவின் வண்டியிலிருந்தே கணக்குத் தொடங்கும்.

இரண்டாவது, ஓடியதா, கட்டப்பட்டதா? பிரின்சு எட்வர்டு தீவிலுள்ள ரஸ்டிகோ என்ற ஊரின் பாதிரியார் ஜார்ஜ் அந்துவான் பெல்கூர், 1866இல் நீராவி வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். டெய்லர் தம் வண்டியைக் காட்டியதற்கு அது ஓராண்டு முந்தியது. ஆனால் பெல்கூரின் வண்டி அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. எனவே 'இந்த மண்ணில் ஓடிய முதல் வண்டி' என்ற பெருமை பெல்கூருக்கும், 'இந்த மண்ணில் கட்டப்பட்ட முதல் வண்டி' என்ற பெருமை டெய்லருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, 'கனடா' என்பது எது? கனடா கூட்டமைப்பு உருவானது 1867 ஜூலை 1 அன்று. பிரின்சு எட்வர்டு தீவு அதில் சேர்ந்தது 1873இல். ஆகவே பெல்கூர் வண்டி ஓட்டியபோது அத்தீவு கனடாவின் பகுதியன்று. டெய்லரின் வண்டி கண்காட்சிக்கு வந்தபோது கனடா பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நாடும் வண்டியும் ஒரே ஆண்டில் பிறந்ததாகச் சொல்லக் கிடைத்த வாய்ப்பு, டெய்லர் வண்டியின் பிற்காலப் புகழுக்கு ஒரு காரணம்.

பிற நாடுகளிலும் இத்தகைய கேள்விகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னைச் சேர்ந்த ஹெர்பர்ட் தாம்சன் கட்டிய நீராவிக் காரும், தெற்கு ஆஸ்திரேலியாவில் மேனம் என்ற ஆற்றங்கரை ஊரைச் சேர்ந்த ஏர்க்கருவி உற்பத்தியாளர் டேவிட் ஷியரர் கட்டிய நீராவிக் காரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியவை. தாம்சன் 1900இல் தம் உறவினர் ஒருவருடன் பாத்தர்ஸ்ட் நகரிலிருந்து மெல்போர்ன் வரை 493 மைல் தூரம் காரில் வந்தார். ஷியரர் பல ஆண்டுகள் முன்னதாகவே முயற்சியைத் தொடங்கியவர். தொடங்கிய ஆண்டைக் கொள்வதா, ஓடிய ஆண்டைக் கொள்வதா, நெடும் பயணத்தைக் கொள்வதா என்பதைப் பொறுத்து மரியாதை இடம் மாறும்.

நினைவுச் சின்னங்கள்

கனடா அஞ்சல் துறை 1993இல் பழைய வண்டிகளைப் பற்றி ஆறு தபால்தலைகள் கொண்ட நினைவுத் தாள் ஒன்றை வெளியிட்டது. அதில் டெய்லரின் நீராவி வண்டி 1867 என்ற ஆண்டுடன் இடம்பெற்றது. அதே 1993இல் கனடா நாணயச்சாலை வெளியிட்ட 100 டாலர் தங்க நாணயம், 1893இல் டொரன்டோவில் உருவான ஃபெதர்ஸ்டன்ஹா மின்கலக் காரை நினைவுகூர்ந்தது. நூற்றாண்டு எண்ணிக்கை பொருந்தியதால் அந்தக் காருக்கு நாணயம் கிடைத்தது.

தபால்தலை, நாணயம் ஆகியவற்றுடன் மூன்றாவதாக நிற்பது அருங்காட்சியக நினைவுப் பதக்கம். நாணயத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு உண்டு, பதக்கத்துக்கு இல்லை. பரிசுப் பதக்கம் ஒருவரின் திறமைக்காக வழங்கப்படுவது. நினைவுப் பதக்கம் விலை கொடுத்து யாரும் வாங்கக்கூடியது. அருங்காட்சியகத்துக்கு வருவோர் பெரிய இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அதன் உருவம் பதித்த சிறு வட்டை எடுத்துச் செல்லலாம். ஆள் உருவமும் செய்தியும் தாங்கிய இவ்வகைப் பதக்கக் கலை, இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ 15ஆம் நூற்றாண்டில் வார்த்த பதக்கங்களிலிருந்து வளர்ந்தது.

பதக்கம் உருவாகும் முறை

முதலில் ஓவியர் உருவத்தை வரைகிறார். அது பெரிய அளவில் புடைப்புச் சிற்பமாகச் செய்யப்படுகிறது. பின்னர் அளவைக் குறைத்து எஃகில் குழிவாகச் செதுக்கப்படுகிறது. முன்பு இதற்கென இயந்திரக் கைகள் இருந்தன. இப்போது கணினி வழி செதுக்கும் பொறிகள் உள்ளன. இந்த எஃகுத் துண்டே அச்சு. முகப்புக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வட்டு வைக்கப்பட்டு அழுத்தப்படுகிறது. நாணயம் ஒரே அழுத்தில் உருவாகும். உருவம் அதிகம் புடைத்து நிற்கும் பதக்கத்துக்குப் பல முறை அழுத்த வேண்டும். இடையிடையே உலோகத்தைச் சூடாக்கி இளக்க வேண்டும். வெண்கலம், செம்பு, வெள்ளி, அலுமினியம், முலாம் பூசிய கலப்பு உலோகம் ஆகியவை பயன்படுகின்றன.

வண்டிகள் பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றத்திலேயே பதக்கத்தில் காட்டப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. வட்டத்துக்குள் ஆழத்தைக் காட்ட இடம் மிகக் குறைவு. பக்கவாட்டில் காட்டினால் சக்கரம், இருக்கை, கொதிகலன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மறைக்காமல் தெரியும்.

பதக்கத்தை வாசிக்கும் முறை

நினைவுப் பதக்கம் ஒன்றைக் கையில் எடுப்பவர் பூவா தலையா பார்ப்பதோடு நின்றுவிடாமல் பின்வருவனவற்றையும் கவனிக்கலாம்.

ஆண்டு: வண்டி கட்டப்பட்ட ஆண்டும் பதக்கம் வெளியான ஆண்டும் வேறு. பல பதக்கங்களில் முதலாவது மட்டுமே இருக்கும். 1867 என்று பொறித்திருப்பதால் பதக்கம் அக்காலத்தது ஆகிவிடாது.

உருவம்: வண்டியின் மூல வடிவமா, சீரமைத்த பின் உள்ள வடிவமா என்று பார்க்க வேண்டும். பழைய நிழற்படம் கிடைத்தால் ஒப்பிடலாம்.

வாசகம்: 'முதல்' என்ற சொல்லுக்குப் பின் 'கட்டப்பட்ட', 'ஓடிய', 'விற்கப்பட்ட' என்ற சொற்களில் எது வருகிறது என்பதே முக்கியம். இடம் பற்றாத வட்டத்தில் அந்த அடைமொழி விடுபட்டுப் போவதுண்டு.

வெளியீட்டாளர்: அருங்காட்சியகத்தின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். பொறித்திருக்கும் பெயரைக் கொண்டு பதக்கத்தின் காலத்தை மதிப்பிடலாம்.

விளிம்பு: உருவாக்கிய நிறுவனத்தின் முத்திரையும் உலோகத்தின் குறியும் பெரும்பாலும் இங்கோ, அடிப்பகுதியில் சிறிய எழுத்திலோ இருக்கும்.

பதக்கங்களைப் பாதுகாப்பதிலும் கவனம் தேவை. பித்தளைப் பாத்திரத்தைப் போலப் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்கினால் உருவத்தின் மேடான பகுதிகள் தேய்ந்து மதிப்புக் குறையும். காலப்போக்கில் உலோகத்தின் மேல் படியும் மங்கலான நிறமே அதன் காப்புப் படலம். முகப்பைத் தொடாமல் விளிம்பில் பிடிப்பதும், ஈரமில்லாத இடத்தில் வைப்பதும் நன்று. பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் உலோகத்தை அரிக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முக்கியத்துவம்

டெய்லர் வண்டியிலிருந்து தொழிற்சாலை எதுவும் பிறக்கவில்லை. அதைப் பார்த்து இன்னொருவர் வண்டி கட்டினார் என்ற மரபும் இல்லை. கனடாவின் கார்த் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நிறுவனங்களுடன் கொண்ட கூட்டு முயற்சிகளின் வழியே வளர்ந்தது. அந்த வகையில் டெய்லர் வண்டி தனித்து நின்ற ஒரு முயற்சி.

எனினும் மாணவர்களுக்கும் பொறியியல் கற்போருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பழைய முறைக்கு மாற்றாகப் புதியது ஒன்றைக் கொண்டுவரும்போது, பழையது வெளிப்படையாகச் செய்த வேலையை மட்டுமல்லாமல், யாரும் கவனிக்காமல் செய்துவந்த வேலையையும் பட்டியலிட வேண்டும். குதிரை இழுத்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. அது நிறுத்தியதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று பல நாடுகளில் வண்டியைச் சாலையில் விடுவதற்கு முன் பிரேக் சோதனை கட்டாயமாக இருக்கிறது. அந்த விதி எழுதப்படாத காலத்தில், அதன் தேவையைத் தம் வண்டியைப் பலிகொடுத்து அறிந்தவர்களில் ஸ்டான்ஸ்டெட் கடிகாரக்காரரும் ஒருவர்.